முதல் சர்குலர் சா வாங்கப் போறீங்களா? கடையிலயே இதெல்லாம் பாத்துட்டு காசு குடுங்க

வீட்டுலயே ஷெல்ஃப், கட்டில்னு மரவேலை கத்துக்க ஆரம்பிச்சவங்க சர்குலர் சா, அதாவது வட்ட பிளேடு சுத்தி மரம் அறுக்குற கை மெஷின் வாங்கப் போனா எடுத்ததும் கேக்குறது "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்ணே?"னு தான். வாட்ஸ் அப்புறம் பாக்கலாம். நாலு இஞ்ச் மார்பிள் கட்டர்ல மர பிளேடை மாட்டி பிளைவுட் அறுக்குறது நம்ம ஊர்ல நிறைய சைட்ல நடக்குது, ரேட் கம்மி, கைக்கு அடக்கமா இருக்குன்னு. புதுசா கத்துக்குறவங்க தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. அது கல்லு அறுக்குற மெஷின், நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல ஓடும், பிளேடோட அடிப்பக்கத்தை தானா மூடுற கார்டு (பாதுகாப்பு மூடி) அதுல கிடையாது. மரம் பிளேடை கவ்விடுச்சுன்னா மெஷின் எகிறி உங்க பக்கம் தான் வரும். என்கூட வேலை பாத்த ஒரு அண்ணன் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, பிளேடு நிக்குறதுக்குள்ள அதைக் கீழ வைக்கப் போயி இடது கை விரல் நுனியை இழந்துட்டாரு.

ஸ்டெப் 1: சைஸ்
ஏழேகால் இஞ்ச், அதாவது 184 இல்லேன்னா 185 மில்லிமீட்டர் பிளேடு போடுற மெஷின் வாங்குங்க. நேரா வச்சு அறுத்தா சுமார் 65 மில்லி ஆழம் இறங்கும், 45 டிகிரி சாய்ச்சா அது குறையும். 18 மில்லி பிளைவுட், ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) எல்லாம் சுலபமா போகும். நாலுக்கு மூணு இஞ்ச் நிலைச்சட்டம் மட்டும் ஒரே தடவைல இறங்காது, ஒரு பக்கம் அறுத்துட்டு புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுக்கணும்.

ஸ்டெப் 2: கார்டு
கடையில பிளக் மாட்டாம மெஷினை கையில வாங்கி, கீழ் கார்டோட லீவரை முழுசா மேல தூக்கி விடுங்க. 'டப்'புனு தானா மூடணும். மெஷினை சாய்ச்சு வச்சும் பத்து தடவை பண்ணிப் பாருங்க, ஒரு தடவை மெதுவா வந்தாலும், பாதில நின்னாலும், அந்தப் பீஸ் வேண்டாம்.

ஸ்டெப் 3: அடித்தகடு
மெஷின் மரத்து மேல உக்காந்து நகர்ற தகடு இது. இதைத்தான் யாரும் பாக்குறதில்ல. பிளேடை முழுசா மேல ஏத்தி, மெஷினை கண்ணாடி கவுண்டர் மேல வச்சு நாலு மூலையையும் அமுக்குங்க, ஆடக்கூடாது. அப்புறம் பிளேடை கீழ இறக்கி, கார்டை தூக்கிட்டு மூலைமட்டத்தை (90 டிகிரி சரியா இருக்கான்னு பாக்குற எல் வடிவ மட்டம்) தகட்டுக்கும் பிளேடோட தட்டையான உடம்புக்கும் ஒட்டி வைங்க, பல்லு மேல வைக்காதீங்க, பல்லு ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டி இருக்கும், கணக்கு தப்பாயிடும். நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. என் முதல் மெஷின்ல நான் இதைப் பாக்கல. எட்டடி ஷீட்டை அறுத்து ஷெல்ஃப் சேத்தப்போ எல்லா ஜாயின்ட்லயும் இடைவெளி, திருப்பிப் பாத்தா தகட்டோட ஒரு மூலை லேசா வளைஞ்சிருக்கு. ஒரு முழு ஷீட் வீணாப்போச்சு.

ஸ்டெப் 4: பவர்
1200லேர்ந்து 1400 வாட்ஸ் போதும், தேக்கு, வேங்கை கூட பொறுமையா தள்ளுனா அறுக்கும். 1400 வாட்ஸ்னா நம்ம 230 வோல்ட்ல சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், அதனால பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன் வயர் குறைஞ்சது 1.5 ஸ்கொயர் எம்எம் இருக்கட்டும், ரொம்ப தூரம்னா 2.5. ஒல்லி வயர்ல ஓட்டுனா வயரும் சூடாகும், மோட்டாரும் திணறும். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள தேஞ்சு போற, மாத்த வேண்டிய சின்ன பாகம்) பக்கத்துல எங்க கிடைக்கும்னு கேட்டு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: பிளேடு
டிசிடி பிளேடு தான், அதாவது பல்லு நுனியில டங்ஸ்டன் கார்பைடு வச்சது. 24 பல்லு வேகமா அறுக்கும், ஓரம் பிசிறடிக்கும்; பொதுவான வேலைக்கு 40; மைக்கா ஒட்டுன பிளைவுட்டுக்கு 60. நடு ஓட்டை 20, 25.4, 30 மில்லின்னு பல அளவுல வரும், உங்க மெஷினோட பொருந்துதான்னு பாருங்க. பிளேடு மேல போட்டிருக்குற ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மெஷினோட ஆர்பிஎம்மை விட அதிகமா இருக்கணும்.

முதல் கட்டிங்
பல்லு கீழேர்ந்து மேல ஏறி அறுக்கும், அதனால மேல்பக்கம் தான் பிசிறடிக்கும், நல்ல முகத்தை கீழ பாத்த மாதிரி வைங்க. பிளேடு மரத்தைத் தாண்டி ஒரு பல்லு அளவு மட்டும் வெளிய வந்தா போதும். ஷீட்டோட ரெண்டு முனைக்கு மட்டும் முட்டு குடுத்து நடுவுல அறுத்தா பலகை தொய்ஞ்சு பிளேடை கவ்வும், அதனால வெட்டுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கீழ ரீப்பர் போடுங்க. பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். அறுத்து முடிச்சதும் சுவிட்சை விட்டுட்டு, மெஷினை கையிலயே புடிச்சுக்கிட்டு, பிளேடு முழுசா நின்னு கார்டு மூடுன சத்தம் கேட்டப்புறம் கீழ வைங்க.