ஸ்லைடு தானாக நகர நேரம் வைப்பது எப்படி?

மண்டபம், கீழக்கரை போன்ற ஒரு கடற்கரை ஊரில் பள்ளிக் கண்காட்சி. மன்னார் வளைகுடா பற்றிய ஸ்லைடுகள் நாள் முழுக்க ஓட வேண்டும். கிளிக் செய்ய ஆள் நிற்க முடியாது. பவர்பாயிண்டில் இதற்கு வழி இருக்கிறது.

‘டிரான்சிஷன்ஸ்’ பட்டியின் வலக்கோடியில் ‘ஆஃப்டர்’ கட்டம் இருக்கும். டிக் செய்து 00:10.00 என்று அடியுங்கள். முதலில் நிமிடம், பிறகு வினாடி. 10:00 என்று அடித்துவிட்டால் ஒரே ஸ்லைடு பத்து நிமிடம் நிற்கும். அருகிலுள்ள ‘டியூரேஷன்’ வேறு: ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது வரும் அசைவுக்கான நேரம் அது. பலரும் குழம்புவது இங்கேதான்.

அடுத்து ‘அப்ளை டு ஆல்’. இதை முதலிலேயே அழுத்திவிடுங்கள். கடைசியில் அழுத்தினால் தனித்தனியாக வைத்த நேரமெல்லாம் அழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும் வாய்விட்டு நிதானமாகப் படித்து, ஆகும் நேரத்தோடு மூன்று வினாடி கூட்டுங்கள். ‘மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை’ என்ற ஒற்றை வரிக்கு எட்டு வினாடி போதும். 21 தீவுகளின் வரைபடத்துக்குக் குறைந்தது இருபத்தைந்து வினாடி வேண்டும். தன் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடாமல் இங்கே யாரும் நகர மாட்டார்கள், அந்த அவகாசத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

எழுத்தும் படமும் கிளிக்கில் வரும்படி அனிமேஷன் இருந்தால் ‘ஆஃப்டர் ப்ரீவியஸ்’ என்று மாற்றுங்கள். அனிமேஷன் முடியாமல் ஸ்லைடு நகராது. எனவே நீங்கள் வைத்த நேரத்தைவிட அது நீளமாக இருக்கக் கூடாது.

‘ஸ்லைட் ஷோ’ பட்டியில் ‘செட் அப் ஸ்லைட் ஷோ’ திறந்து ‘கியோஸ்க்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். கடைசி ஸ்லைடு முடிந்ததும் முதலிலிருந்து ஓடும். பிள்ளைகள் மவுஸை அழுத்தினாலும் அசையாது. நிறுத்த எஸ்கேப் விசை. ஆனால் ஒரு ஸ்லைடுக்கு நேரம் விடுபட்டிருந்தாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும், கிளிக்கும் உதவாது. ‘ஸ்லைட் சார்ட்டர்’ காட்சியில் ஒவ்வொன்றின் கீழும் நேரம் தெரிகிறதா என்று பாருங்கள். அதே ‘ஸ்லைட் ஷோ’ பட்டியில் ‘யூஸ் டைமிங்ஸ்’ டிக் இல்லாவிட்டால் வைத்த நேரம் எதுவும் வேலை செய்யாது.

மடிக்கணினி இல்லை, டிவியும் பென்டிரைவும்தான் என்றால் ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘கிரியேட் எ வீடியோ’ வழியாக எம்பி4 ஆக்குங்கள். நேரம் வைக்காத ஸ்லைடுகளுக்கு அது தானாக 5 வினாடி எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துரு உடையும் தொல்லையும் வீடியோவில் இல்லை. டிவியில் ‘ரிபீட்’ மட்டும் போட்டுவிடுங்கள்.