கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டை விடாமல் இருக்க

எங்கள் செஸ் கிளப் சனிக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் கூடும். போன மாதம் ஓய்வுபெற்ற ஓர் அங்கிளுடன் ஆடினேன். என்னிடம் இரண்டு சிப்பாய்கள் கூட இருந்தன, இருந்தும் ட்ரோ. எழும்பும்போது அவர், “தம்பி, ஜி4ஐ ரெண்டு பேர் காவல் காக்கினம் எண்டு நினைச்சீங்களோ?” என்று கேட்டார். 100ஆம் இலக்க பஸ்ஸில் தெஹிவளை வரை நின்றுகொண்டே போனேன், கேள்வி விளங்கவில்லை. விளங்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் செய்ததைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். காய்கள் நகரும் விதமும் கட்டங்களின் பெயரும் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதல் படி: தாளில் ஒரு வட்டம்

நகர்த்தல்களை எழுதிய தாளை எடுங்கள். “சரி, வென்றாச்சு” என்று மனம் சொன்ன இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிழை அநேகமாக அதற்குப் பிறகுதான் இருக்கும். நான் ஒவ்வொரு ஐந்து நகர்த்தலுக்கும் மிச்ச நேரத்தைப் பக்கத்தில் குறிப்பேன். வட்டமிட்ட இடத்தில் 21 நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு பத்து நகர்த்தல், செலவானது இரண்டே நிமிடம். இப்போது என் கடிகாரத்தைப் பார்த்தாலே எனக்கு வெட்கம்.

இரண்டாம் படி: எஞ்சினை மூடி வையுங்கள்

லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஆட்டத்தை ஏற்றுங்கள். இலவசம், விளம்பரமும் இல்லை, வேறு எதற்கும் காசு கட்டாதீர்கள். ஆனால் அதிலுள்ள எஞ்சினை, அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஸ்டாக்ஃபிஷ் என்ற கணினி நிரலை, உடனே போடாதீர்கள். அது விடையை மட்டும் சொல்லும், நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று சொல்லாது. முதலில் மரப் பலகையில் காய்களை வைத்து அரை மணி நேரம் தனியாகப் பாருங்கள். போனில் பார்த்தால் விரல்தான் வேலை செய்கிறது.

மூன்றாம் படி: நான் விழுந்த குழி

பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை நான்: ராஜா எஃப்4, பிஷப் சி8, சிப்பாய்கள் ஜி4, எச்4. கறுப்பு: ராஜா ஜி7, குதிரை எஃப்6. என் முறை.

குதிரை ஜி4 சிப்பாயைப் பார்க்கிறது. அதற்கு ராஜா காவல், சி8இலிருந்து பிஷப்பும் காவல். எடுத்தால் குதிரை போகும், பிறகென்ன பயம்? ஒரு சிப்பாயை ராணியாக்குவோம் என்று எச்5 தள்ளினேன்.

அங்கிள் குதிரையால் ஜி4ஐ எடுத்தார். சிரித்துக்கொண்டே ராஜாவால் குதிரையை எடுத்தேன். அவருடைய ராஜா எச்8இல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் எவ்வளவு முட்டியும் அது வெளியே வரவில்லை. எச்7 வரை தள்ளி, கடைசியில் ஸ்டேல்மேட்: ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நகரவும் இடமில்லை, அதனால் ட்ரோ.

காரணம் இதுதான். எச் சிப்பாய் ராணியாகும் கட்டம் எச்8, அது கறுப்பு. என் பிஷப் வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது. மூலையிலிருக்கும் ராஜாவை அதனால் ஒருபோதும் விரட்ட முடியாது. ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் கூட இருந்தும் ட்ரோ. ‘ஓர சிப்பாய்க்குப் பிழையான நிற பிஷப்’ என்று இதைச் சொல்வார்கள். அதாவது, ஜி4க்குக் காவல் இருந்தது உண்மை, ஆனால் அது பிரயோசனம் இல்லாத காவல். அவர் குதிரையை விலையாகக் கொடுக்கத் தயாராக இருந்தார். நான் அந்த விலையைக் கணக்குப் பார்க்கவில்லை.

ஆட வேண்டியது ஜி5. சிப்பாய் எச்4இலேயே நிற்க, குதிரை எங்காவது சுற்றி வந்து ஜி5இல் தன்னைக் கொடுத்தால் எச் சிப்பாய் அதை எடுத்து ஜி வரிசைக்கு வந்துவிடும். ஜி வரிசையில் அந்த மூலைத் தந்திரம் இல்லை. குதிரை எச்5க்கு வந்து செக் சொன்னால் ராஜா ஜி4. குதிரை எஃப்6க்குத் திரும்பி செக் சொன்னால் சிப்பாயால் எடுக்காதீர்கள், எடுத்தால் மறுபடியும் எச் சிப்பாய் மட்டும்தான் மிஞ்சும். கறுப்பு ராஜா ஜி6க்கு வந்து காப்பாற்றப் பார்த்தால் பிஷப் எஃப்5இல் செக்.

சரியா என்று பார்க்க இப்போது லிச்செஸ் போதும். ஏழு காய் வரையிலான நிலைகள் எல்லாம் முழுதாகத் தீர்க்கப்பட்டு அதில் இருக்கின்றன. இதில் ஆறுதான். எச்5 என்று போட்டுப் பாருங்கள், சந்தேகத்துக்கு இடமில்லாமல் ட்ரோ.

நான்காம் படி: பலகை முன்னால்

‘முன்னிலையில் இருந்தால் காய்களை ஒன்றுக்கொன்று வெட்டி மாற்று, சிப்பாய்களை வைத்துக்கொள்’ என்ற அறிவுரை நல்லதுதான். அதை நம்பித்தான் கோட்டைகளை மாற்றினேன். மிஞ்சும் பிஷப் எந்த நிறம் என்று பார்க்க மறந்தேன். இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் ஒரே கேள்வி: அவர் தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் என் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்?

கேள்வியைக் கேட்டு முடிக்கும்வரை கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்காருங்கள். நகர்த்தலை முதலில் எழுதிவிட்டு ஆடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி அது இப்போது கூடாது.

இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் நடக்கும் என்றும் இல்லை. 2025 ஜூனில் நார்வே செஸ்ஸில் அப்போதைய உலக சாம்பியன் குகேஷுக்கு எதிராக வென்றுகொண்டிருந்த முன்னாள் சாம்பியன் கார்ல்சன் கடைசி நேர அவசரத்தில் ஆட்டத்தைத் தோற்று மேசையைக் குத்தினார். எங்கள் கிளப் மேசைகள் அதைத் தாங்காது.

பின்சேர்க்கை 1. எச் வரிசைக்கு மட்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஏ வரிசைக்கும்தான், நிறம் மட்டும் மாறும். வெள்ளைச் சிப்பாய் என்றால் ஏ8 வெள்ளை, எச்8 கறுப்பு. கறுப்புச் சிப்பாய் என்றால் ஏ1 கறுப்பு, எச்1 வெள்ளை.

பின்சேர்க்கை 2. ராணி இருந்தும் ஸ்டேல்மேட் ஆக்கியவருக்கு: ராணியை எதிரி ராஜாவிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைத்து, அவர் போகும் பக்கமே அதேபோல் நகர்த்துங்கள். அவர் மூலைக்கட்டத்தில் கால் வைத்ததும் நிறுத்திவிடுங்கள். ராஜா எச்8, ராணி ஜி6 அல்லது எஃப்7 என்றால் அவருக்கு நகர இடமே இராது, அங்கேயே ஸ்டேல்மேட். அதனால் ராணியை நிறுத்திய இடத்திலேயே வைத்துக்கொண்டு உங்கள் ராஜாவைக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

பின்சேர்க்கை 3. கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதிய தம்பிக்கு: உங்கள் நேரம் முடிந்தபோது எதிராளியிடம் ராஜா மட்டும் இருந்தால் அது தோல்வி இல்லை, ட்ரோ. வெறும் ராஜாவால் யாருக்கும் மேட் வைக்க முடியாது. நீங்கள் தோற்றதாகக் கையெழுத்துப் போட்டிருக்கவே கூடாது. அடுத்த முறை கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள், அதுவரை பேனையைத் தொடாதீர்கள்.