பனை விதை ஊன்ற: பிள்ளை கையில் 10 அடிக் கயிறு

காலாண்டு விடுமுறையில் பனை விதை ஊன்றப் பிள்ளையை அழைத்துப் போனால் மண்வெட்டி கொடுக்காதீர்கள். இரு முனையிலும் முடிச்சுப் போட்ட 10 அடிக் கயிற்றைக் கொடுங்கள். நீங்கள் கடப்பாரையால் அரையடிக் குழி போட, பிள்ளை குழிக்குக் குழி இடைவெளியை அந்தக் கயிற்றால் அளந்து, விதையைப் போட்டு, மண் தள்ளி மிதித்துவிடும். கண்ணளவில் விட்டால் பிள்ளைகள் நாலு விதையை ஒரே இடத்தில் நெருக்கிவிடுவார்கள். ஒரு காலைக்கு 50 விதை போதும், அதற்கு மேல் வேலை விளையாட்டாகிவிடும்.

பனை முதலில் முளையைக் கீழ்நோக்கி ஆழமாக இறக்கும்; இலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். ஐப்பசி மழை அதற்குப் போதும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்!

வாய்க்கால் கரையில் ஊன்றுவதானால் உள்சரிவில் வேண்டாம். தூர்வார வரும் பொக்லைன் வழித்துப் போட்டுவிடும், வெளிச்சரிவே சரி. வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் போன்ற பெரிய கரை என்றால் நீர்வளத் துறையிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மின்கம்பிக்கு அடியிலும் கூடாது. கோடை விடுமுறைக்கு இது ஒத்துவராது: விதையும் கிடைக்காது, களிமண்ணில் கடப்பாரையும் இறங்காது.