நின்றுபோன ஊர்க் கிரிக்கெட் கழகத்தை மறுபடி தொடங்க: கூட்டப் புத்தகம் முதல் கொங்கிரீட் விக்கெட் வரை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் சரி, மேற்கே படுவான்கரையிலும் சரி, பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய கழகங்கள் நிறைய உண்டு. மூத்த பொடியன்மார் கட்டாருக்கும் கொழும்புக்கும் போய்விடுவார்கள். மைதானத்தில் மாடு மேயும். இரண்டு மாரி கழிந்தால் விக்கெட் கிடந்த இடமே தெரியாது. எங்கள் ஊர்க் கழகத்தை நாங்கள் சிலர் சேர்ந்து திரும்பத் தொடங்கிய முறையை, முதன்முதலாக இதில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

உதவிக்கு வர ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதக்கூடியவர், நாடா பிடித்து அளக்கக்கூடியவர், நாலு வீடு ஏறி இறங்கக்கூடியவர், இவர்கள்தான் முதலில் வேண்டும். ஜேர்சி அடிப்பது கடைசி வேலை. வெளிநாட்டிலிருந்து முதலில் வரும் காசை ஜேர்சிக்குச் செலவழிக்காதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

1. பழைய புத்தகங்கள்

கூட்ட அறிக்கைப் புத்தகம், யாப்பு (கழகத்தின் விதிகள்), வங்கிப் புத்தகம், பதிவுச் சான்றிதழ் ஆகிய நான்கும் பெரும்பாலும் பழைய செயலாளர் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும். "எல்லாம் என்னட்டத்தான் கிடக்குது மனே, எடுத்துக்கிட்டுப் போ" என்று எங்களிடம் தந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரைப் போன்றவர்களைப் போசகராக வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிருவாகத்தை ஒதுக்கிவிட்டுத் தொடங்கும் கழகத்துக்கு ஊரில் பாதி வீடு வராது.

பதிவு காலாவதியாகியிருந்தால் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். பதிவில்லாத கழகம் பிரதேச விளையாட்டு விழாவுக்குக்கூடப் பெயர் கொடுக்க முடியாது.

2. பொதுக்கூட்டமும் வங்கிக் கணக்கும்

எங்களை நீண்ட நாள் இழுத்தடித்த இடம் இதுதான். பழைய பொருளாளர் வெளிநாட்டில், கணக்கில் கொஞ்சக் காசு, எடுக்க வழியில்லை. பொதுக்கூட்டம் வைத்து, "புதிய நிருவாகம் தெரிவு செய்யப்பட்டது" என்று அறிக்கை எழுதி, தலைவர் கையொப்பத்துடன் கொடுத்தோம். வங்கி திருப்பி அனுப்பியது. தெரிவு நடந்தது என்பது அவர்களுக்குப் போதாது. பழைய கையொப்பம் ரத்தாகிறது, புதிய கையொப்பம் யாருடையது என்று கணக்கு இலக்கத்துடன் தீர்மானம் வேண்டும். கடைசியில் ஏற்றுக்கொண்ட வாசகம் கிட்டத்தட்ட இப்படி:

"கழகத்தின் பெயரில் உள்ள … இலக்கச் சேமிப்புக் கணக்கில் இதுவரை கையொப்பமிட்டு வந்த …, … ஆகியோரின் அதிகாரம் இன்றிலிருந்து நீக்கப்படுகிறது. இனிமேல் பொருளாளருடன் தலைவர் அல்லது செயலாளர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கணக்கை நடத்துவதென இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர் …, வழிமொழிந்தவர் …"

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதுங்கள். வங்கிக்கு வங்கி கேட்கும் பத்திரம் மாறும். ஆகவே கூட்டத்துக்கு முதலே கிளைக்குப் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் இரண்டாம் முறை ஆட்களைக் கூட்டத் தேவையில்லை.

3. சிரமதானம்

ஊரார் சேர்ந்து மைதானத்தைத் துப்புரவாக்கும் வேலை இது. நாள் பார்ப்பதுதான் இதில் முக்கியம். ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை மழை. அதன் பிறகு பெரும்போக அறுவடை, ஆட்கள் வயலில் நிற்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. பங்குனி நடுப்பகுதியிலிருந்து சித்திரை வரை கிடைக்கும் ஞாயிறுகளைப் பிடியுங்கள். முஸ்லிம் ஊர்ப் பொடியன்மாரும் சேர்ந்து விளையாடும் இடமானால் நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் வீடுகளில் இருக்கும். தேத்தண்ணிக்கும் பகல் சாப்பாட்டுக்கும் பொறுப்பாக ஒருவரை முதல் நாளே நியமியுங்கள்.

4. விக்கெட்

மென்பந்தோ கடினபந்தோ, நம்ம பக்கத்துக்கு என் தெரிவு கொங்கிரீட் போட்டு மேலே மெட்டிங் என்னும் பாயை விரிப்பதுதான். கரையோர மணலில் புல் விக்கெட் நிற்காது. படுவான்கரைக் களிமண்ணோ வெயிலில் வெடித்துவிடும். களிமண்ணாக இருந்தால் மேல் மண்ணை அள்ளிவிட்டு கிரவல் போட்டு இறுக்குங்கள். மணலாக இருந்தால் தண்ணீர் விட்டு இடித்தால் போதும்.

விக்கெட்டை வடக்கு தெற்காக வையுங்கள். வீதிக்கு நேராக இருந்தால் அழகு என்று கிழக்கு மேற்காகப் போட்டால் பின்னேர ஆட்டத்தில் ஒரு முனையில் நிற்பவருக்குப் பந்தே தெரியாது.

அளப்பதற்கு இரும்பு நாடாவையே எடுங்கள். துணி நாடா இழுக்க இழுக்க நீளும். மேசன்மார் பாவிக்கும் நைலோன் நூலை நடுவே இழுத்துக் கட்டி, 66 அடி இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். இவைதான் நடு ஸ்டம்புகள். ஒவ்வொரு முளையிலிருந்தும் நூலுக்குக் குறுக்காக இரு பக்கமும் 4 அடி 4 அங்குலம் அளந்தால் 8 அடி 8 அங்குலத்தில் பந்துவீச்சுக் கோடு வரும். அதிலிருந்து 4 அடி முன்னால் துடுப்பாட்டக் கோடு.

கோடு சதுரமாக விழுந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பந்துவீச்சுக் கோடுகளின் நான்கு மூலையிலும் முளை அடித்துக் குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஏறத்தாழ 66 அடி 6¾ அங்குலமாக ஒத்து வரவேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் ஒரு பக்கக் கோடு சரிந்திருக்கிறது. கொங்கிரீட் கொட்டிய பிறகு இதைத் திருத்த முடியாது என்பதால் வேறொருவரைக் கொண்டு இன்னொரு தடவை அளப்பியுங்கள்.

72 அடி நீளம், 9 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்றால் 1:2:4 கலவைக்கு 50 கிலோ சீமெந்து ஏறத்தாழ 40 மூட்டை, மணல் ஒரு கியூப் (100 கன அடி), சல்லிக்கல் இரண்டு கியூப் பிடிக்கும். அந்தளவுக்குக் காசு சேரவில்லையா? செயற்கை விக்கெட்டுக்குக் கிரிக்கெட் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 58 அடி நீளமும் 6 அடி அகலமும்தான். 72 அடிக்கே போடுவதானால் ஸ்டம்ப் நிற்கும் இடத்தில் பலகைப் பெட்டி வைத்துக் குழி விட்டுக் கொட்டி, பிறகு களிமண் அடையுங்கள். ஏழு நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஏழு நாளுக்கும் முறை வைத்துப் பெயர் எழுதிவிடுங்கள், பொதுவாக விட்டால் மூன்றாம் நாள் சாக்குக் காய்ந்து கிடக்கும்.

5. புள்ளிப் புத்தகம்

விளையாடாத பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தங்கச்சிமாருக்கு, புள்ளி எழுதப் பழக்குங்கள். துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டங்களோடு உதிரிகளைச் சேர்த்தால் வரும் தொகையும், பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு துடுப்பில் படாமல் ஓடிய பை, லெக் பைகளைச் சேர்த்தால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் சரிபார்த்தால் சுற்றுப்போட்டியில் வரும் சண்டையில் பாதி இல்லாமல் போகும்.

பின்சேர்க்கை

அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, மைதானம் பாடசாலைக்குச் சொந்தமென்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதிபருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வாய்மொழி அனுமதியை நம்பிக் கொங்கிரீட் கொட்ட வேண்டாம், அதிபர் மாறினால் பேச்சும் மாறலாம்.

மெட்டிங்கைக் கறையான் தின்கிறது என்று இன்னும் இருவர் எழுதியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் தட்டி, சுருட்டி, நிலத்தில் படாமல் இரண்டு கம்பத்தின் மேல் ஏற்றி வையுங்கள். ஈரத்தோடு சுருட்டவே கூடாது. மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது வெயில் கண்ட நாளில் விரித்துக் காயவிடுங்கள்.