காசிமேட்டில் பாக்ஸர் சிலை: உப்புக்காற்றைத் தாங்க

வடசென்னையின் பாக்ஸிங் பெருமைக்குக் கடலோரத்தில் சிமென்ட் சிலை வைக்கிறீர்களா? உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேல்பூச்சைப் பிளந்துவிடும். நீட்டிய கைதான் முதலில் விரிசல் விடும்.

அதனால் தோளிலிருந்து முஷ்டி வரை, துத்தநாகம் பூசிய 10 மி.மீ. கம்பி இரண்டை ஒட்டுப்போடாமல் ஓடவிடுங்கள். மேலே கோழிவலை இரண்டு சுற்று. கட்டுக்கம்பி முனைகளை உள்பக்கம் மடக்குங்கள். ஒரு முனை வெளியே நீட்டியிருந்தாலும் மழையில் பழுப்புக்கறை வழியும்.

ஒரு பங்கு ஸ்லாக் சிமென்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது), இரண்டு பங்கு சலித்த பி-சாண்ட் (பூச்சுக்கான அரைத்த கல்மணல்). கடற்கரை மணலும் உப்பு போர்த் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். மெட்ரோ வாட்டர் பிடித்துவையுங்கள். கம்பிக்கு மேல் 25 மி.மீ. பூச்சாவது இருக்கணும். ஈரச்சாக்கு சுற்றி 14 நாள் நனையுங்கள். 28 நாள் கழித்தே பெயின்ட்; அவசரப்பட்டால் உரிந்துவிடும்.