கிறுக்கு, வட்டு, கோட்டி: எங்கே தவறு வருகிறது?

கிறுக்கு என்ற சொல்லுக்குப் பல வேலைகள். பேனா கிடைத்த குழந்தை சுவரில் கிறுக்கும். வெயிலில் அலைந்து வந்தவருக்குத் தலை கிறுகிறுக்கும். நாலு காசு சேர்ந்ததும் யாரையும் மதிக்காதவருக்குத் தலைக்கிறுக்கு. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் கால்பந்தே கதியென்று கிடக்கும் பையனுக்குப் பந்துக் கிறுக்கு. அப்புறம், நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஜன்னலோர சீட் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவரைப் பற்றி, "அவருக்கு அது ஒரு கிறுக்கு" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம். யாருக்கும் கெடுதல் செய்யாத, அந்த ஆளுக்கே உரிய ஒரு பிடிவாதம். தவறுகள் அதிகம் நடப்பது இந்தக் கடைசிப் பொருளில்தான்.

அவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நோயையும் இதே சொல்லால் மூடிவிடுவது. பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவருக்கு அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். வேண்டாமென்று தனக்கே தெரிந்தும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே கழிந்து, மனசும் கிடந்து தவித்தால் அது ஓசிடி என்கிற நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் கேட்பதும் இந்த நேரத்தையும் தவிப்பையும் பற்றித்தான். "அவளுக்குக் கிறுக்கு, விடு" என்று வீட்டார் பேச்சை முடித்துவிட்டால், குணமாகக்கூடிய ஒருத்தி வருஷக்கணக்காக அப்படியே கிடப்பாள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அப்படிப்பட்டவரைப் பற்றிச் சொல்லும்போது, எழுதும்போது, 'மனநலப் பாதிப்பு உள்ளவர்' என்றே சொல்லுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் இப்போது பரவியிருக்கிறது. அலமாரியில் சேலையை நிறவாரியாக அடுக்குகிறவர், "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்கிறார். நோயோடு போராடுகிறவருக்கு இது எவ்வளவு வலிக்கும்! இந்த இடத்துக்குத்தான் கிறுக்கு என்ற சொல் சரியாகப் பொருந்தும்.

அடுத்தது, 'கிறுக்கு உண்டு' என்பதற்கும் 'கிறுக்கன்' என்பதற்கும் உள்ள தூரம். முன்னது ஒருவரின் ஒரே ஒரு குணத்தைத் தொடும். பின்னது மொத்த ஆளையும் அதற்குள் அடைத்துவிடும். 'பந்துக் கிறுக்கன்' என்றால் பரவாயில்லை. எதில் கிறுக்கு என்று முன்சொல் எல்லை போட்டுவிடுகிறது. வெறுமனே கிறுக்கன் என்றால் அடிதடிக்கும் போகலாம். கூட்டாளி தோளில் கைபோட்டு, "லே மக்கா, ஒனக்கு வட்டா?" (வட்டு என்றாலும் கிறுக்குதான்) என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. அம்மா மகளைக் கொஞ்சி "போடி கிறுக்கி" என்பாள். அதே சொல்லைச் சம்பந்தி வீட்டார் முன்னால் மாப்பிள்ளை மேல் போட்டுப் பாருங்கள்! மூத்தவர்களைப் பற்றியென்றால் "அண்ணாச்சிக்கு அது ஒரு குணம்" என்பது போதும். மரியாதையும் கெடாது, விஷயமும் புரிந்துவிடும்.

வட்டு என்ற சொல் கல்குளம், விளவங்கோடு பக்கம் சாதாரணமாகக் காதில் விழும். மலையாளத்திலும் அதே பொருள்தான். திருநெல்வேலிக்காரர்களோடு பேசினால் அதே பொருளில் கோட்டி என்ற சொல் வந்துவிடும். இந்தப் பழக்கத்தில் பழைய நூல்களைப் படித்தால் தடுமாறுவோம். திருக்குறளின் 401-ஆம் குறளில் இரண்டு சொற்களும் சேர்ந்தே வருகின்றன:

"அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்."

இங்கே வட்டு என்பது உருட்டி ஆடும் காய். கோட்டி என்பது கற்றவர்கள் கூடிய அவை. நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது, கட்டம் வரையாமல் காய் உருட்டியது போன்றது என்பது கருத்து. மனக்கோளாறு என்ற பொருளுக்கு இங்கே இடமே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இதை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.

எழுத்துப் பிழையும் ஒன்று உண்டு. 'கிருக்கு' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். வல்லின 'று' போட்டு, கிறுக்கு என்றுதான் எழுத வேண்டும். கிறுக்கல், கிறுகிறுப்பு, தலைக்கிறுக்கு எல்லாவற்றிலும் அதே 'று'தான்.