ஒரே வழக்கு, பதிவில் இரண்டு வரி

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு ஒன்று என் பெயரில் இருக்கிறது. சொந்தக் காரில் நடந்ததுதான். ஆனாலும் அமெரிக்கச் சட்டப்படி சிடிஎல் எனும் வணிக வாகன ஓட்டுநர் உரிமம் ஓராண்டுக்குப் போய்விடும், போனது. உரிமம் திரும்பியதும் என் டிரக்குக்கு இன்சூரன்ஸ் தேட ஆரம்பித்தேன். மாநில எல்லை தாண்டி அடுத்தவர் சரக்கை ஏற்றக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கானது) வேண்டும்.

ஆன்லைன் படிவங்கள் ‘குடித்து ஓட்டிய வழக்கு உண்டா’ என்ற ஒரு கேள்வியிலேயே கதவைச் சாத்தின. சரி என்று மூன்று ஏஜென்ட்டுகளிடம் ஒரே நேரத்தில் கொடுத்தேன். அது பெரிய தப்பு. ஒருவர் என் விண்ணப்பத்தை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதலில் அனுப்பிவிட்டால், அதே கம்பெனி அடுத்தவருக்கு விலை சொல்வதில்லை. இரண்டு வாரம் வீண்.

அப்புறம்தான் ஒரு மறுப்புக் கடிதத்தில் ‘இரண்டு சம்பவங்கள்’ என்றிருந்ததைக் கவனித்தேன். எனக்கு இருந்ததோ ஒன்று! மோட்டார் வாகனத் துறையில் என் ஓட்டுநர் பதிவை வாங்கிப் பார்த்தேன். கைதானதும் துறை தானாக உரிமத்தை முடக்கியது ஒரு வரி. நான்கு மாதம் கழித்து வந்த தீர்ப்பு இன்னொரு வரி. இரண்டுக்கும் பொதுவான கைதுத் தேதி வலது ஓரத்தில் பொடி எழுத்தில் கிடந்தது.

அதை வட்டமிட்டு, தீர்ப்பு நகலும் உரிமம் மீட்ட சான்றும் சேர்த்து, டிரக் காப்பீடு மட்டுமே பார்க்கும் ஒரே புரோக்கரிடம் கொடுத்தேன். ஆறாம் நாள் விலை வந்தது. பிரீமியம் கசப்புதான், ஆனால் வண்டி ஓடுகிறது.